ஐங்கோணத்தைச் சுற்றி நால்வர்: ஜெர்மன் சிறுவர் பேஸ்பாலின் ஆட்டமுன் சந்திப்பு குறித்த ஒரு பூர்வாங்க ஆய்வு

1910 அக்டோபரில் பிராங்க்பர்ட்டில் முதல் ஜெர்மன் சமூகவியல் மாநாடு கூடியபோது, மாக்ஸ் வேபர் ஒரு கோரிக்கை வைத்தார். உருண்டையை உருட்டி ஒன்பது கட்டைகளைச் சாய்க்கும் கெகல் குழு தொடங்கி அரசியல் கட்சி வரைக்கும், மனிதர்கள் எதற்கெடுத்தாலும் சங்கம் கூட்டும் இந்தப் பழக்கத்தைச் சமூகவியல் முறைப்படி ஆராய வேண்டும் என்றார். அதன் பிறகு சங்கங்கள் பற்றி அலமாரி அலமாரியாக எழுதிக் குவித்துவிட்டார்கள். ஆனால் சனிக்கிழமை ஒரு மணி ஆட்டத்துக்குப் பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு ஒரு ரப்பர்ப் பலகையைச் சுற்றி நின்றுகொண்டு நான்கு பேர் என்ன பேசுகிறார்கள் என்ற கேள்விக்கு, அறிவுலகம் உரிய மரியாதை கொடுத்ததாகத் தெரியவில்லை. அந்த இழுக்கைத் துடைக்கவே இக்கட்டுரை.

பொருளை முதலில் வரையறுத்துவிடலாம். பேஸ்பாலில் ஆட்டம் தொடங்குமுன் இரு அணி மேனேஜர்களும் அம்பயர்களும் ஹோம் பிளேட்டில் சந்திக்கிறார்கள். ஹோம் பிளேட் என்பது தரையில் பதித்த வெள்ளை ரப்பர்ப் பலகை. முன்விளிம்பு 17 அங்குலம், ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். 1900-க்கு முன் சதுரமாக இருந்தது, அதன் பின் ஐந்து பக்கம் பெற்றது. விதிநூலின் 4.03 இந்தச் சந்திப்பை ஒரு சடங்குக்குரிய நுணுக்கத்தோடு வகுத்திருக்கிறது. குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பு அம்பயர்கள் மைதானத்தில் நுழைந்து நேராக ஹோம் பிளேட்டுக்குப் போக வேண்டும். முதலில் வீட்டு அணி மேனேஜர் தன் பேட்டிங் வரிசைத் தாளை இரண்டு பிரதிகளாகத் தலைமை அம்பயரிடம் கொடுப்பார். அடுத்து விருந்தாளி அணி மேனேஜர். மூலமும் நகலும் ஒன்றுதானா என்று அம்பயர் ஒப்பிட்டுப் பார்த்து, ஒருவர் தாளை மற்றவரிடம் நீட்டுவார். அவர் கையில் எஞ்சுவதே அதிகாரபூர்வமான வரிசை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் இதை டாஸோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டாஸில் அதிர்ஷ்டம் இருக்கிறது, தொலைக்காட்சி இருக்கிறது, வென்றவர் முகத்தில் வெளிச்சம் இருக்கிறது. பேஸ்பாலின் சந்திப்பில் யாரும் எதையும் வெல்வதில்லை. இதற்கு நெருங்கிய உறவு கிரிக்கெட் சட்டம் 2-இல் ஒளிந்திருக்கிறது. டாஸுக்கு முன் அம்பயர்கள் கேப்டன்களோடு கலந்து எந்தப் பந்து, எந்தக் கடிகாரம், எல்லைக்கோடு எது என்று முடிவு செய்துகொள்ள வேண்டும் என்கிற அந்தப் பிரிவை அம்பயர் தேர்வு எழுதுபவர்கள் தவிர வேறு யார் படித்திருப்பார்கள்?

ஆய்வுக்கு ஜெர்மனியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இந்த விளையாட்டு அங்கே இரண்டு வாசல் வழியாக வந்தது. 1936 ஆகஸ்ட் 12 அன்று பெர்லின் ஒலிம்பிக் மைதானத்தில் இரண்டு அமெரிக்க அணிகள் காட்சி ஆட்டம் ஆடின. சுமார் 90,000 பேர் பார்த்தார்கள். எத்தனை பேருக்குப் புரிந்தது என்பது வேறு விஷயம். 6-5 என்ற முடிவு மட்டும் பதிவாகியிருக்கிறது. போருக்குப் பிறகு அமெரிக்கப் படையினர் முகாம்களோடு மட்டையையும் கொண்டுவந்தார்கள். 1957-இல் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் மான்ஹைமில் நடந்து மேற்கு ஜெர்மனி இரண்டாவது இடம் பிடித்தது. பிறகு கால்பந்து எல்லாவற்றையும் விழுங்கியது. 1982-இல் தேசியப் போட்டி மீண்டும் உயிர்பெற்றபோது பட்டம் வென்ற மான்ஹைம் டொர்னாடோஸ் இன்றும் பேஸ்பால் வீரர் ரொபெர்ட்டோ கிளெமென்ட்டே பெயர் தாங்கிய மைதானத்தில் ஆடுகிறது. பெர்லினில் பிறந்து ரெகன்ஸ்பர்க் பயிற்சியகத்தில் தேறிய மாக்ஸ் கெப்லர் 2015-இல் மினசோட்டா ட்வின்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் இறங்கினார்.

ஆக, கைசர்ஸ்லாட்டர்ன் வட்டாரத்தில் அமெரிக்கப் படைவீரர்களின் பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீக் ஒரு பக்கம். அது 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் பிறந்த அமைப்பின் கிளை. இன்னொரு பக்கம் ஜெர்மன் கழகங்களின் ஷூலர், யூகெண்ட், யூனியோரன் எனும் வயதுப் பிரிவு அணிகள். முன்னதில் மேனேஜர் ஒரு தந்தை. பின்னதிலும் பெரும்பாலும் ஒரு தந்தைதான், ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பதிவு செய்த சங்கம் நிற்கிறது. ஜெர்மன் குடிமைச் சட்டப்படி சங்கம் பதிவு செய்ய ஏழு பேர் போதும். பேஸ்பால் ஆட ஒன்பது பேர் வேண்டும். ஒன்பதுக்குக் குறைந்தால் ஆட்டத்தையே இழக்க நேரிடும் என்கிறது விதி 7.03. அந்த இரண்டு பேரைத் தேடும் பதற்றம் பல கழகங்களின் ஆன்ம வரலாறு. பன்னிரண்டு ஐம்பதுக்கு ஒரு மேனேஜர் கார் நிறுத்தும் இடத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றால், காரணம் இதுதான்.

இனி ஆய்வு முறை. மேலைநாட்டுக் கோட்பாடுகளுக்குக் கைநீட்டுமுன் தொல்காப்பியம் தரும் முதல், கரு, உரி என்ற பாகுபாடு போதுமா என்று பார்ப்பது தமிழ் ஆய்வாளரின் கடமை. முதற்பொருளில் நிலம் புல்வெளி, ஓரத்தில் மரங்கள். பொழுது ஏப்ரல் மாதம், அதாவது ஜெர்மனியில் மழை, வெயில், ஆலங்கட்டி மூன்றும் ஒரே பிற்பகலில் வந்து போகும் காலம். கருப்பொருள்கள்: பிளேட்டைத் துடைக்கும் சிறு தூரிகை, விரலால் உருட்டி எண்ணும் கவுண்ட்டர், மடித்த தாள்கள், வேலை செய்யாத பேனா. உரிப்பொருள் எது என்பதில்தான் சர்ச்சை. புல்வெளியும் கார்முகிலும் இருப்பதால் இது முல்லை, ஆகவே இருத்தல், வராத இரண்டு ஆட்டக்காரர்களுக்காகக் காத்திருத்தல் என்பது ஒரு கட்சி. விருந்தாளி மேனேஜரின் முகத்தைப் பார்த்தால் இது மருதத்து ஊடல் என்பது மறு கட்சி. பொழுது மாலையாக இல்லாமல் நண்பகலாக இருப்பது முல்லைக் கட்சியாருக்குச் சங்கடம். திணைமயக்கம் என்று சொல்லி நழுவுவதே உத்தமம்.

ஐந்து நிமிடம் என்ற வரையறையும் ஜெர்மனியில் சும்மா விடத்தக்கதல்ல. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பத்து மணி வகுப்பு என்றால் பத்தே கால் என்று பொருள்கொள்ளும் மரபு உண்டு. 'கல்விசார் கால்மணி' என்றே அதற்குப் பெயர். பேராசிரியருக்குப் பதினைந்து நிமிடம் பின்னால் வர உரிமை இருக்கும் தேசத்தில், பள்ளி மாணவரான அம்பயர் ஐந்து நிமிடம் முன்னால் வர வேண்டும். 'நேராக' என்ற சொல்லும் களத்தில் சோதனைக்கு உள்ளாகிறது. ஏனென்றால் உடைமாற்றும் அறைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் நடுவில் பெற்றோர்கள் கேக் விற்கிறார்கள், பக்கத்தில் யாரோ வறுத்த தொத்திறைச்சியைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, வந்து சேர்ந்தாயிற்று. யார் எங்கே நிற்பது? வழக்கப்படி பிளேட் அம்பயர் பலகையின் கூர்முனைக்குப் பின்னால் மைதானத்தை நோக்கி நிற்பார், பேஸ் அம்பயர் அவருக்கு எதிரே, மேனேஜர்கள் அவரவர் அணி அமரும் டக்அவுட் பக்கம். இங்கே வடிவியல் ஒரு முடிச்சைப் போடுகிறது. பலகைக்குப் பக்கம் ஐந்து, மனிதர்கள் நால்வர். சிறுவர் ஆட்டங்களில் பல சமயம் ஒரே அம்பயர்தான், அப்போது மூவர். ஐந்தாம் பக்கத்தில் நிற்பது யார்? ஸ்கோரர் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் ஸ்கோரர் தன் மேசையை விட்டு எழுந்து வருபவர் அல்லர். இதற்கு விடை பின்னால் வரும்.

மேலே அம்பயரைப் பள்ளி மாணவர் என்று சொன்னது கவனக்குறைவு அல்ல. ஜெர்மன் கழக அமைப்பில் அணி வைத்திருக்கும் கழகம் உரிமம் பெற்ற அம்பயர்களையும் ஸ்கோரர்களையும் தயார் செய்து தருவது பொதுவான கடமை. தராவிட்டால் அபராதம். எனவே சிறுவர் ஆட்டத்துக்கு நடுவராக வருபவர் பெரும்பாலும் அதே கழகத்திலோ பக்கத்து ஊர்க் கழகத்திலோ ஆடும் பதினாறு, பதினேழு வயதுக்காரர். எதிரே நிற்கும் மேனேஜர்களில் ஒருவர் வாரநாட்களில் ஒரு தொழிற்சாலைப் பிரிவையே ஆள்பவராக இருக்கலாம்.

இங்கேதான் வேபர் கைகொடுக்கிறார். அதிகாரம் மூன்று வகையில் ஏற்கப்படுகிறது என்றார் அவர்: மரபால், தனிமனித ஈர்ப்பால், விதியால். பதினாறு வயது அம்பயருக்கு மரபு இல்லை, போன வருடம்தான் உரிமம் வாங்கினார். ஈர்ப்பு என்று சொல்லவும் முடியாது, பல்லில் கம்பி போட்டிருக்கிறார். எஞ்சுவது விதி ஒன்றே. இவ்வளவு கலப்படமற்ற விதிவழி அதிகாரம் வேபரின் பிரஷ்ய அலுவலகங்களில்கூடக் கிடைத்திருக்காது. அங்கே அதிகாரிக்கு மீசையாவது இருந்தது. வேபர் பல்லாண்டு வாழ்ந்த ஹைடல்பெர்க்கில்தான் பின்னாளில் ஐரோப்பாவுக்கான அமெரிக்கத் தரைப்படைத் தலைமையகம் இயங்கியது, 2013 வரை. அவர் சில பத்தாண்டுகள் தாமதித்துப் பிறந்திருந்தால் உதாரணம் தேடி அதிக தூரம் போயிருக்க வேண்டாம்.

அந்தப் பையன் அதிகாரியாக மாறும் கணம்தான் இந்தச் சந்திப்பு. பேசப்படும் செய்தி எதுவும் யாருக்கும் புதிதல்ல. எத்தனை இன்னிங்ஸ், எவ்வளவு நேரம், பிட்சர் எத்தனை பந்து வீசலாம், எத்தனை ரன் வித்தியாசத்தில் ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் போட்டி விதிகளில் அச்சாகி இருக்கிறது. வீரர்களின் உரிமச்சீட்டுகளும் இருக்கவே இருக்கின்றன. தெரிந்ததையே அவர் சொல்லி, தெரிந்தவர்களே தலையாட்டுவதில்தான் விஷயம். நாற்பத்தைந்து வயதுக்காரர் முதன்முறை தலையாட்டும்போது ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. நம் ஊர் மைதானமாக இருந்தால் கூட்டம் "தம்பி, நீ யார் வீட்டுப் பையன்?" என்ற கேள்வியில் தொடங்கியிருக்கும். விதிவழி அதிகாரம் அந்த இடத்திலேயே உயிரை விட்டிருக்கும்.

கியார்க் சிம்மல் 1908-இல் வெளியிட்ட சமூகவியல் நூலில் மூவர் கூடும் அமைப்பைப் பற்றி எழுதியதும் இங்கே பயன்படும். இருவருக்கு நடுவே மூன்றாமவர் வந்தால் நடுவராக இருக்கலாம், அவர்கள் சண்டையில் லாபம் பார்க்கலாம், அல்லது தானே சண்டை மூட்டி ஆளலாம் என்றார். சிம்மல் சொல்லாத நான்காவது நிலை ஒன்று உண்டு. தனித்தனியே முறைத்துக்கொண்டு வந்த இருவரும் மூன்றாமவர் அரை நிமிடத்துக்கு மேல் உரையாற்றத் தொடங்கியதும் ஒன்று சேர்ந்துவிடுகிறார்கள். விளையாட்டு நல்லொழுக்கம் பற்றி அம்பயர் நீட்டி முழக்கும்போது மேனேஜர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தப் பார்வையை அனுபவமுள்ள அம்பயர் எவரும் தவறவிடுவதில்லை.

தாளின் விஷயத்துக்கு வருவோம். A4 அளவை 1922-இல் நியமமாக்கி உலகுக்கு அளித்த நாட்டில் ஒரு தாளின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஓர் அமெரிக்கச் சான்று தவிர்க்க முடியாதது. 2009 மே 17 அன்று டாம்பா பே ரேஸ் அணி கொடுத்த தாளில் மூன்றாம் பேஸுக்கு இரண்டு பெயர்கள் இருந்தன: பென் ஸோப்ரிஸ்ட், இவான் லோங்கோரியா. லோங்கோரியா களத்தில் இறங்காமல் மட்டை மட்டும் பிடிக்க வேண்டியவர். சரிபார்த்த கண்கள் எதிலும் அது படவில்லை. ஸோப்ரிஸ்ட் களத்தில் இறங்கி முதல் அரை இன்னிங்ஸ் முடிந்ததும் கிளீவ்லாந்து மேனேஜர் எரிக் வெட்ஜ் சுட்டிக்காட்டினார். விளைவாக லோங்கோரியா வெளியே. அவர் இடத்தில், வரிசையில் மூன்றாவதாக, பிட்சர் ஆண்டி சோனன்ஸ்டைன் மட்டை பிடிக்க வேண்டியதாயிற்று. ரேஸ் ஆடிய லீக்கில் பிட்சர்கள் மட்டையைத் தொடுவதே அபூர்வம். மனிதர் இரண்டு பேஸ் அடி அடித்து ஒரு ரன் கொண்டுவந்தார், ரேஸ் 7-5 என வென்றது. தாளில் எட்டுப் பேர்தான் இருக்கிறார்கள் என்பது போன்ற பளிச்சென்ற பிழைகளை ஆட்டம் தொடங்குமுன் அம்பயரே எடுத்துச்சொல்லித் திருத்த வேண்டும் என்று விதியின் குறிப்பு அறிவுறுத்துகிறது. பிழையைக் கண்டும் பேசாமல் தாளைப் பையில் போட்டுக்கொண்டு, நான்காவது இன்னிங்ஸில் வெடிவைக்கும் மேனேஜருக்கு அந்தக் குறிப்பு எதுவும் சொல்லவில்லை. வெட்ஜ் அவ்வளவு நேரம் காத்திருக்கவில்லை, அதுவே பெருந்தன்மை.

சந்திப்பின் செழுமையான பகுதி மைதான விதிகள். 4.05-இன்படி வீட்டு மேனேஜர் தன் மைதானத்தின் விசேஷங்களைச் சொல்லி விதி முன்மொழிவார். விருந்தாளி ஒப்புக்கொண்டால் அது சட்டம். மறுத்தால் அம்பயர் தானே ஒன்று இயற்றுவார். பதினாறு வயதில் சட்டம் இயற்றும் வாய்ப்பு ஜெர்மன் அரசியலமைப்பு வேறெங்கும் தருவதில்லை.

ரெகன்ஸ்பர்க்கின் ஆர்மின் வோல்ஃப் அரேனா போன்ற முறையான அரங்கில் இதற்கு வேலை குறைவு. கால்பந்து மைதானத்தின் ஒரு மூலையில் பிளேட்டைப் பதித்து ஆடும் கழகங்களில்தான் மேனேஜர்கள் கவிஞர்களாகிறார்கள். பந்து கோல் வலைக்குள் புகுந்தால் இரண்டு பேஸ். ஓட்டப்பாதையைத் தாண்டி உருண்டால் இரண்டு பேஸ். தோட்டக்காரர் கொட்டகை மேல் பட்டுத் திரும்பினால் ஆட்டம் தொடரும். மரக்கிளையில் பட்டால்? இங்கே வீட்டு மேனேஜர் தயங்குவார், ஏனெனில் அந்த மரம் இதுவரை யாருக்குச் சாதகமாக இருந்தது என்பது அவருக்குத் தெரியும். இதற்கு உலகில் முன்னுதாரணங்கள் மதிப்பானவை. சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் சுவர்க்கொடிக்குள் பந்து சிக்கினால் இரண்டு பேஸ். இங்கிலாந்தில் கான்டர்பரி கிரிக்கெட் மைதானத்தின் எல்லைக்குள்ளேயே ஒரு லிண்டன் மரம் நின்றது. பந்து அதில் பட்டால் நான்கு ரன். 2005 ஜனவரியில் காற்றில் அது விழும்வரை அந்த விதி மரத்தைப் போலவே உறுதியாக நின்றது. ஜெர்மன் கழக மைதானத்து மரங்களுக்கு இப்படி ஒரு வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை என்பது வருத்தம்.

மைதானத்துக்கு வெளியே இருக்கும் சட்டமும் எட்டிப்பார்க்கும். விளையாட்டிடச் சத்தம் பற்றிய 1991-ஆம் ஆண்டு ஆணை ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று முதல் மூன்று வரை ஓய்வு நேரம் என்று குறிக்கிறது. ஆனால் அன்றைக்கு ஒன்பது மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் இடையில் மைதானம் நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ பயன்பட்டால்தான் அந்த ஓய்வு கணக்கில் வரும். நான்கு மணி நேரம்! ஒரே நாளில் இரண்டு ஆட்டம் வைக்கும் விளையாட்டை மனத்தில் வைத்தே எழுதிய எல்லை போல இருக்கிறது. 2017-இல் வரம்புகளைத் தளர்த்தினார்கள். அதன் பிறகும் பக்கத்துத் தோட்டத்து முதியவரைப் பற்றி வீட்டு மேனேஜர் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. வேலி தாண்டிய பந்தைத் திருப்பித் தருவதா என்று முடிவு செய்பவர் அவர்.

அடுத்து கவசம். எல்லாப் பிள்ளைகளும் விதிப்படி கவசம் அணிந்திருக்கிறார்களா என்று அம்பயர் கேட்பார். ஹெல்மெட்டைப் பார்க்கலாம், மட்டையின் முத்திரையைப் படிக்கலாம். ஆனால் கிரிக்கெட் பையன்கள் 'கார்டு' என்று சொல்லும் அந்த அந்தரங்கச் சாதனத்தைக் கேட்சர் அணிந்திருக்கிறானா என்பதைச் சோதிக்க எந்த நாகரிக நாட்டிலும் வழியில்லை. லிட்டில் லீக் விதி அதைக் கட்டாயமாக்குகிறது. மேனேஜர் "ஆம்" என்கிறார். முழுச் சந்திப்பிலும் ஆவணம், முத்திரை, நகல் எதுவும் இல்லாமல் ஒரு மனிதனின் சொல்லை மட்டும் நம்பி ஏற்கப்படும் ஒரே உறுதிமொழி இது. ஜெர்மன் நிர்வாகவியலில் இதற்கு ஒப்புமை தேடுவது வீண் வேலை.

இப்போது ஐந்தாம் பக்கம். 4.03-இன் கடைசி உட்பிரிவில்தான் அதன் திறவுகோல் இருக்கிறது. வீட்டு அணியின் தாள் அம்பயர் கைக்கு வந்த நொடியிலிருந்து மைதானம் அவர் பொறுப்பு. மழையால் ஆட்டத்தை நிறுத்துவதும் தொடர்வதும் கைவிடுவதும் அவர் ஒருவருடைய முடிவு. நிறுத்தினால் குறைந்தது முப்பது நிமிடம் பொறுத்துப் பார்த்த பிறகே கைவிடலாம். அதாவது தாள் கைமாறும்வரை மேகம் வீட்டு அணியின் சொத்து, கைமாறியதும் அம்பயரின் சொத்து. ஆகவே ஐந்தாம் பக்கத்தில் நிற்பது வானிலை. பிட்சருக்குத் தோள்வலி, இரண்டு பேர் இன்னும் வரவில்லை, மேற்கே வானம் கறுக்கிறது என்ற நிலையில், வீட்டு மேனேஜர் தாளை நீட்டுவது போல் நீட்டி, மறுபடி பெயர்களைச் சரிபார்ப்பதாகச் சொல்லி இழுத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் கையெழுத்துக் கோளாறு என்று தவறாகக் கருதிவிடக் கூடாது. அது சொத்துரிமை வழக்கு.

இரட்டை ஆட்ட நாளில் சந்திப்பும் இரண்டு. இரண்டாவதில் மரம், கொட்டகை, முதியவர் எல்லாம் விடுபட்டுப் போகும். தாள் மட்டும் கைமாறும். குறுகியது என்பதால் ஆபத்தற்றது என்று நினைக்க வேண்டாம். 1975-இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் மேனேஜர் எர்ல் வீவரை அம்பயர் ரான் லூசியானோ இரட்டை ஆட்டத்தின் முதல் ஆட்டத்தில் வெளியேற்றினார். இரண்டாம் ஆட்டத்துக்குத் தாள் கொடுக்க வீவர் ஹோம் பிளேட்டுக்கு வந்தார். ஒரு பந்துகூட வீசப்படுமுன் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். விதிநூல் இதையெல்லாம் எண்ணிப் பார்த்தே எழுதியது போலும். தாளை மேனேஜரே கொண்டுவர வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை, அவர் அனுப்பும் ஆள் கொண்டுவந்தாலும் போதும். முதல் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்ஸில் குரல் உயர்ந்த மேனேஜர்கள் இரண்டாவது சந்திப்புக்கு உதவிப் பயிற்சியாளரை அனுப்பிவிட்டு, டக்அவுட்டில் ஷூ லேசைக் கட்டுவதில் மும்முரமாகிவிடுகிறார்கள். அம்பயரும் விசாரிப்பதில்லை.